பல்செட்டு மாட்டுகிறவர் பல்லுக்குக் கம்பி போடுவது எப்படி: குமரி மாவட்டக்காரர்களுக்கு

"பாதிப் பல் செட்டுப் பல், இதுல கம்பி வேற எதுக்கு?" என்று வீட்டில் ஒரு ஆளாவது கேட்பார். கேட்டுவிட்டுப் போகட்டும். செட்டு மாட்டுகிறவர்கள் கம்பி போடப் போவது பெரும்பாலும் அழகுக்காக இல்லை. மிச்சம் இருக்கிற சொந்தப் பற்கள் இடம் மாறிப் போய், செட்டே ஒழுங்காக உட்காராத நிலை வந்திருக்கும்.

அது எப்படி வருகிறது என்று பாருங்கள். கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குகிறோம், வலி போனது, சனியன் ஒழிந்தது என்று பல வருடம் அப்படியே விட்டுவிடுகிறோம். அந்த இடைவெளிக்குப் பின்னால் நிற்கிற பல் மெல்ல மெல்ல முன்பக்கம் சாய்கிறது. மேலே அதற்கு எதிரே இருந்த பல்லுக்குக் கடிக்க ஆள் இல்லாததால் அது கீழே இறங்குகிறது. பிறகு ஒருநாள் பல் கட்டலாம் என்று போய் உட்கார்ந்தால், "பல் வைக்க இடமே இல்லையே" என்கிறார் டாக்டர். சாய்ந்ததை நிமிர்த்த, இறங்கியதை மேலே ஏற்ற, ஈறு நோயில் விரிந்துபோன முன்பற்களைச் சேர்க்க, இதற்கெல்லாம்தான் கம்பி. அதாவது நல்ல செட்டு கட்டுவதற்காக வாயைத் தயார் பண்ணுகிற வேலை இது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாம் எளிதாகப் புரியும்.

யாருக்கு முடியும், யாருக்கு முடியாது

மேலும் கீழும் முழுச் செட்டு வைத்திருப்பவருக்குக் கம்பி கிடையாது. பல் நகர்வது வேரைச் சுற்றியிருக்கும் மெல்லிய நார்ச்சவ்வால்தான். கம்பி அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரையும், எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளரும், பல் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். செட்டுப் பல்லுக்கு வேரும் இல்லை, சவ்வும் இல்லை. முழுச் செட்டில் பல் வரிசை கோணலாகத் தெரிகிறது என்றால் புதுச் செட்டு கட்டும்போது சரிசெய்துகொள்ள வேண்டியதுதான். பற்களை மெழுகில் அடுக்கி வாயில் வைத்துக் காட்டுவார்கள் இல்லையா, அன்றைக்கே கண்ணாடியைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். மெழுகைப் பிளாஸ்டிக்காக மாற்றிய பிறகு சொன்னால் அவராலும் பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

மேலே முழுச் செட்டு, கீழே சொந்தப் பல் என்றால் கீழே கம்பி போடலாம். ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, இப்படிப்பட்ட வாயில் கீழ் முன்பற்கள் மேல் செட்டின் முன்பகுதியையே இடித்துக்கொண்டிருந்தால், செட்டுக்கு அடியில் உள்ள முன் எலும்பு வருடக்கணக்கில் தேய்ந்துவிடும். அதனால் கடி எங்கே விழப்போகிறது என்பதைக் கம்பி டாக்டர் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு, வெள்ளை நிறச் செராமிக் கிளிப்பை (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டுதான் கிளிப்) கீழ்ப்பல்லில் ஒட்டச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள். அது சொந்தப் பல்லின் எனாமலையே தேய்க்கிற அளவுக்குக் கடினம், மேலே இருக்கும் பிளாஸ்டிக் பல்லைக் கேட்கவே வேண்டாம்.

ஒன்றிரண்டு பல்லோ நாலைந்து பல்லோ இல்லாமல், கழற்றி மாட்டும் சின்னச் செட்டு வைத்திருப்பவர்களுக்குத் தாராளமாக முடியும், வயது ஒரு தடையே இல்லை. ஈறும் எலும்பும் தாங்குமா என்பதுதான் கேள்வி.

இம்ப்ளாண்ட், அதாவது எலும்புக்குள் இறக்கும் செயற்கை வேர், வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அது கான்கிரீட்டில் இறக்கிய கம்பி மாதிரி, எலும்போடு ஒட்டிவிட்டது, எந்தக் கிளிப்பாலும் நகராது. அதனால் பொதுவாகக் கம்பி வேலை முடிந்த பிறகுதான் இம்ப்ளாண்ட். ஏற்கெனவே இருந்தால் அதையே பிடிமானமாக வைத்து மற்றப் பற்களை இழுக்கவும் செய்வார்கள், அது நல்லதுக்குத்தான். இரண்டு மூன்று பல்லைச் சேர்த்துக் கட்டிய பிரிட்ஜ் இருந்தால் அந்தப் பற்கள் தனித்தனியாக நகராது, தேவைப்பட்டால் வெட்டித் தற்காலிகக் கேப் மாட்டுவார்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. படிக்காத ஆள் யாரோ, பக்கத்துப் பல்லோடு கம்பியால் கட்டிப் பிளாஸ்டிக் மாவை அப்பி "கழற்றவே வேண்டாத பல்" என்று வைத்துவிட்டிருப்பார். அதை முதலில் எடுக்க வேண்டும். அதற்கடியில் ஈறு எப்படி அழுகியிருக்கிறது என்று பார்த்தால் நீங்களே எடுத்துவிடச் சொல்வீர்கள்.

புதுச் செட்டு இப்போது கட்டாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பழைய செட்டு ஆடுகிறது, புதிது ஒன்று கட்டிவிட்டு அப்புறம் கம்பிக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கம்பி போட்ட சில மாதங்களில் பல் இடம் மாறும், அன்றைக்கு அச்சாகப் பொருந்திய செட்டு இன்றைக்கு உள்ளே போகாது. செலவு செய்த காசு தண்ணீரில். இடைக்காலத்துக்கு ஒரு சாதாரண அக்ரிலிக் செட்டு போதும். வளைகிற ஃப்ளெக்சிபிள் செட்டு வாயில் சொகுசாக இருக்கும், உண்மைதான், ஆனால் அதை ராவுவதும் பல் சேர்ப்பதும் கஷ்டம். இந்த ஒன்றரை இரண்டு வருடத்துக்கு அடிக்கடி மாற்றிக்கொள்ள வசதியாக இருப்பதுதான் நல்ல செட்டு.

யாரைப் பார்ப்பது

இரண்டு பேர் வேண்டும். கம்பி போடுகிறவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். முடித்தவராக இருக்க வேண்டும், ஐந்து வருட பி.டி.எஸ். படிப்புக்கு மேல் மூன்று வருடம் இதற்கென்றே படிப்பார்கள். செட்டு கட்டுகிறவர் செயற்கைப் பல் பிரிவில் எம்.டி.எஸ். என்றால் மிக நல்லது. பெயர்ப்பலகையில் பட்டத்துக்குப் பக்கத்தில் எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கும், இல்லையென்றால் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். சட்டப்படி பதிவு இல்லாமல் பல் வைத்தியம் பார்க்கக் கூடாது.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் கிளினிக்குகளுக்குக் குறைவில்லை. பல இடங்களில் கம்பி டாக்டர் வாரத்தில் குறிப்பிட்ட நாள் மட்டும் வந்துபோவார். அது தப்பில்லை, ஆனால் நடுவில் கிளிப் கழன்றால் யார் பார்ப்பார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிரிவும் ஒரே கட்டடத்தில் வேண்டும் என்றால் பல் மருத்துவக் கல்லூரிதான் வசதி. குலசேகரத்தில் ஸ்ரீ மூகாம்பிகா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. களியக்காவிளைப் பக்கத்து ஆட்கள் திருவனந்தபுரம் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கும் போவார்கள். கல்லூரியில் பொறுமை வேண்டும், ஒவ்வொரு தடவையும் அரை நாள் போகும், ஆனால் ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் நீங்கள் தூது போய்ச் சொல்ல வேண்டியதில்லை.

தபாலில் அனுப்பும் அலைனர் (கம்பிக்குப் பதில் பல்மேல் மாட்டும் ஒளி ஊடுருவும் தகடு), எக்ஸ்ரே வேண்டாம், போட்டோ போதும் என்று விளம்பரம் வந்தால் தாண்டிப் போய்விடுங்கள். செட்டு வைத்திருக்கிற வாய்க்கு அது சரிப்படாது. எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்காமல் பல்லை நகர்த்துவது ஆபத்து.

முதல் நாள் என்னென்ன கொண்டுபோவது

இப்போது மாட்டும் செட்டு, உடைந்து அலமாரியில் கிடக்கும் பழைய செட்டு, பழைய எக்ஸ்ரே, எந்தப் பல்லை ஏறத்தாழ எந்த வருடம் பிடுங்கினீர்கள் என்ற கணக்கு. கடைசியில் சொன்னது முக்கியம். பிடுங்கி ரொம்ப நாள் ஆன இடத்தில் எலும்பு மெலிந்து கத்தி விளிம்பு போல ஆகியிருக்கும், அதற்குள் பக்கத்துப் பல்லை இழுத்துக் கொண்டுவருவது மெதுவாகத்தான் நடக்கும், சில நேரம் முடியவே முடியாது.

அப்புறம் மருந்துச் சீட்டு. சர்க்கரைக்காரர்கள் மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் ஈறு ஆறாது, கம்பி தள்ளிப்போகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் பலர் மறப்பது எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஒரு ஊசியோ போடுவதை. அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அந்த வகை மருந்து எலும்பு கரைவதையே தடுக்கும், பல் நகர்வதும் பல் பிடுங்கிய புண் ஆறுவதும் அதனால் மாறிப்போகும். நிக்கல் அலர்ஜி இருந்தால், கவரிங் நகை போட்டால் கழுத்தில் தடிக்கிற ஆள் என்றால், அதையும் சொல்லுங்கள், கம்பியில் நிக்கல் உண்டு.

வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் வாயைத் திறந்து மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளே விட்டுப் பாருங்கள். போகவில்லை, கன்னம் உள்ளே நார் நாராக இறுகியிருக்கிறது என்றால் கம்பியை விடுங்கள், முதலில் அதைக் காட்டுங்கள். அது புற்றுநோய்க்கு முந்தைய நிலையாக இருக்கலாம்.

டாக்டர் வாய் முழுவதும் தெரிகிற ஓபிஜி எக்ஸ்ரே, பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரே, போட்டோ, அளவு எல்லாம் எடுப்பார். அளவு எடுக்கும்போது செட்டு இல்லாமல் ஒரு தடவையும் செட்டோடு ஒரு தடவையும் கடி பதிவு பண்ணச் சொல்லலாம். எதற்கு இவ்வளவு என்று சலிக்காதீர்கள்.

ஈறும் சொத்தையும் முதலில்

கம்பிக்கு முன் கிளீனிங், சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, வைத்திருக்க முடியாத பல்லை எடுப்பது, இது வரிசை. ஈறு நோய் இருந்தவர்களுக்குச் சிகிச்சை முடிந்ததும் சில மாதம் காத்திருந்து, ரத்தம் வடிவது நின்றதா என்று பார்த்தபிறகுதான் கம்பி ஒட்டுவார்கள். எரியும் ஈறில் பல்லை இழுத்தால் மிச்ச எலும்பும் போகும். எலும்பு கொஞ்சம் குறைந்துபோன பல்லையும் மெதுவான விசையில் நகர்த்த முடியும், நோய் அடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒட்டுவதற்கு முன் இரண்டு டாக்டரும் ஒரே காகிதத்தில்

என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது. கம்பி டாக்டர் "நிமிர்த்தித் தருகிறேன்" என்பார், செட்டு டாக்டர் "இடம் கிடைத்தால் கட்டித் தருகிறேன்" என்பார், இரண்டும் சரி, ஆனால் எவ்வளவு இடம், எந்த இடத்தில், கடைசியில் அங்கே வரப்போவது கழற்றும் செட்டா, பிரிட்ஜா, இம்ப்ளாண்டா என்பதை முதலிலேயே எழுதி வைக்கவில்லை என்றால், இரண்டு வருடம் கழித்து அரை மில்லிமீட்டருக்கு வாக்குவாதம் நடக்கும், நடுவில் நீங்கள் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பீர்கள். இம்ப்ளாண்ட் என்றால் பல்லுக்கு மட்டும் இல்லை, எலும்புக்குள் பக்கத்து வேர்களுக்கு நடுவிலும் இடம் வேண்டும், அதை எக்ஸ்ரேயில்தான் பார்க்க முடியும்.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கம்பி இருக்கிற காலத்தில் என் இடைவெளியை எது நிரப்பும்? கடைவாய்ப் பல் இல்லாததால் இழுக்கப் பிடிமானம் எது, எலும்பில் சின்ன ஸ்க்ரூ போடுவீர்களா? (ஊசி போட்டுத்தான் போடுவார்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள், பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.) கேப் போட்ட பல்லில் கிளிப் நிற்குமா? பீங்கான் கேப்பில் தனி அமிலமும் பசையும் வைத்து ஒட்டுவார்கள், அடிக்கடி கழன்றால் பல்லைச் சுற்றி வளையம் மாட்டுவார்கள். பல்செட்டுக்கும் ஸ்க்ரூவுக்கும் நகர்ந்த பல் திரும்பாமல் பிடிக்கக் கடைசியில் போடும் ரிட்டெய்னருக்கும் தனிக் காசா, மொத்தத்தில் சேர்ந்ததா? தவணை எப்படி? எல்லாம் எழுத்தில் வாங்குங்கள்.

ஒட்டும் நாளும் பழைய செட்டும்

கிளிப் ஒட்டுவதில் வலி இல்லை. சிக்கல் செட்டுக்குத்தான். உங்கள் செட்டைப் பிடித்து நிறுத்துகிற கொக்கி எந்தப் பல்லின் வெளிப்பக்கம் உட்கார்கிறதோ, கிளிப்பும் அதே இடத்தில்தான் உட்கார வேண்டும். ஒரே நாற்காலிக்கு இரண்டு ஆள். கொக்கியை வெட்டுவார்கள், அல்லது வேறு பல்லுக்கு மாற்றுவார்கள், இல்லை கொக்கி இல்லாமலே இடைக்காலச் செட்டு கட்டுவார்கள், அது கொஞ்சம் ஆடும், பழகிக்கொள்ளலாம். இன்னொன்று, செட்டின் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் ஓரம் ஒரு பல்லைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அந்தப் பல் அந்தப் பக்கம் நகராது. அதனால் ஒவ்வொரு தடவை போகும்போதும் டாக்டர் செட்டை வாங்கிச் சின்ன மெஷினில் அந்த ஓரத்தை ராவித் தருவார். செட்டைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள்.

முன்பல் இல்லாதவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. உங்கள் பல் நிறத்துக்கு ஒத்த செட்டுப் பல் ஒன்றை எடுத்து, ஈறில் அழுந்தாதபடி அடிப்பக்கத்தைத் தேய்த்து, அதன்மேலும் ஒரு கிளிப் ஒட்டி, மற்றப் பற்களைப் போலவே கம்பியில் கட்டிவிடுவார்கள். கம்பியில் தொங்குகிற பல். தள்ளி நின்று பார்க்கிறவருக்கு எது சொந்தம், எது செட்டு என்று தெரியாது. கல்யாண வீட்டுக்கு முன்பல் இல்லாமல் போக வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பல்லால் கடித்து இழுக்க மட்டும் கூடாது, அது காட்சிக்குத்தான். அலைனர் போடுகிறவர்களுக்கு அதன் உள்ளேயே பல் நிறத்தைப் பூசி இடைவெளியை மறைத்துத் தருவார்கள்.

முதல் மூன்று நாலு நாள் பல் வலிக்கும், கடிக்க முடியாது. பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இபுபுரூஃபன் போன்றவை பல் நகர்வதைக் குறைக்கலாம் என்பதால் பல டாக்டர்கள் பாராசிட்டமாலைத்தான் எழுதுவார்கள். கன்னத்தில் உரசினால் மெழுகு தருவார்கள், பட்டாணி அளவு உருட்டி கிளிப்மேல் வைத்து அழுத்துங்கள்.

சாப்பாடு

கஞ்சியும் பயறும், மசித்த மரச்சீனி, ஆப்பம், முள் எடுத்த சாளை, நன்றாகப் பழுத்த மட்டிப்பழம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் இந்த நேரத்தில் உங்களுக்குப் பெரிய உதவி. நேந்திரங்காய் சிப்ஸ், அச்சு முறுக்கு, தேங்காய்ச் சில்லு, கரும்பு, மாங்காயைக் கடித்து இழுப்பது எல்லாம் கிளிப்பைப் பெயர்த்துவிடும். முந்திரிக்கொத்து வீட்டுக்கு வந்தால் மேல் ஓட்டை உடைத்து உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிடுங்கள். பனங்கிழங்கு தின்றால் அந்த நாரைக் கம்பியிலிருந்து எடுக்க ஒரு பொழுது போகும். புட்டு பார்க்கச் சாது, ஆனால் பொடி போய்ச் செட்டுக்கு அடியில் உட்கார்ந்து அரிக்கும், கறி ஊற்றிக் குழைத்துச் சாப்பிடுங்கள். கிளிப்பில் நிறமில்லாத ரப்பர் வளையம் கேட்டு வாங்கிவிட்டு அன்று ராத்திரியே மஞ்சள் போட்ட மீன்குழம்பு சாப்பிட்டால் காலையில் எல்லாம் மஞ்சள். சாம்பல் நிற வளையம் வாங்குங்கள், நிம்மதி.

சுத்தம்

செட்டும் கம்பியும் சேர்ந்த வாயில் அழுக்கு தங்க இடம் இரட்டிப்பு. சாப்பிட்டதும் செட்டைக் கழற்றிக் கழுவ வேண்டும். வாளியில் தண்ணீர் வைத்து அதற்குமேல் பிடித்துக் கழுவுங்கள், கை நழுவினாலும் உடையாது. சாதாரணச் சோப்பும் மெல்லிய பிரஷ்ஷும் போதும், பற்பசை பிளாஸ்டிக்கைக் கீறும், கொதிநீர் வடிவத்தையே மாற்றிவிடும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள், டாக்டர் வேறு மாதிரி சொன்னால் ஒழிய. இரவும் மாட்டித் தூங்கினால் செட்டுக்கு அடியில் பூஞ்சை வந்து அண்ணம் சிவந்துவிடும். கம்பிக்கு நடுவில் நுழையும் சின்னக் கூம்பு பிரஷ் மருந்துக் கடையில் கிடைக்கும். கொக்கி மாட்டும் பல்லில் கூடுதல் கவனம், சொத்தை முதலில் வருவது அங்கேதான்.

கடலுக்கும் கல்ஃபுக்கும் போகிறவர்கள்

நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும். தூத்தூர்ப் பக்கம் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரை திரும்ப முடியாது, கல்ஃபில் இருப்பவருக்கு லீவே வருடத்துக்கு ஒன்று. முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீண்ட நாள் மெல்லிய விசை தருகிற கம்பி மாட்டி அனுப்புவதா, அங்கேயே ஒரு டாக்டரிடம் மாற்றுவதா, லீவுக்கு வரும்போது தொடங்குவதா என்று அவர் முடிவு பண்ணுவார். படகில் போகிறவர் மெழுகும், கிளிப் கழன்றால் எடுத்து வைக்க ஒரு சின்ன டப்பாவும் வைத்துக்கொள்ளுங்கள். கழன்ற கிளிப் செட்டுக்கு அடியில் போய் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டு உடைந்தால் அவசரப் பசை போட்டு ஒட்டாதீர்கள். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் பிற்பகல் நேரம் கேட்டு வாங்கலாம்.

கம்பி கழற்றியபின்

கழற்றிய அன்றே கடைசிச் செட்டுக்கு அளவு எடுக்க அவசரப்படாதீர்கள். நகர்ந்த பல்லைச் சுற்றியுள்ள நார்ச்சவ்வு சீராக மூன்று நாலு மாதம் ஆகும், ஈறின் நார்கள் இன்னும் தாமதிக்கும், அதுவரை பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்தக் காலத்துக்கு ஒளி ஊடுருவும் தகடு ஒன்றில் இடைவெளிக்கு நேராகச் செட்டுப் பல்லைப் பதித்துத் தருவார்கள், அது ரிட்டெய்னரும் ஆகும், பல்லும் ஆகும். முன்பற்களின் உட்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டுவதும் உண்டு. அப்புறம்தான் நிலையான செட்டோ பிரிட்ஜோ இம்ப்ளாண்டோ. இம்ப்ளாண்ட் என்றால் எலும்போடு ஒட்ட இன்னும் சில மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுச் செட்டு வந்த பிறகும் ராத்திரி ரிட்டெய்னரை விடாதீர்கள். செட்டைக் கழற்றும் நேரத்தில் பல்லைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. காய்ச்சலோ பயணமோ வந்து சில வாரம் இரண்டையும் மாட்டாமல் விட்டு, பிறகு மாட்டும்போது இறுக்கமாக இருந்தால், கடித்து அழுத்தி உள்ளே தள்ளாதீர்கள், நீங்களே ராவவும் செய்யாதீர்கள். இரண்டையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, அந்த வாரமே கம்பி டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.